அறுபத்திரண்டுக்குக் கீழே

முயல் கூடத்தை மூடிவிட்டார்கள் என்று ஷாலினி போனில் சொன்னாள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு என் மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள்.

“இனிமே எல்லாம் லேப்ல வளர்க்கிற செல்லுலயே பண்ணிக்கலாம்க்கா. முயலும் வேணாம், ஊசியும் வேணாம். எத்தனை தடவை செஞ்சாலும் ஒரே மாதிரி வருமாம். கம்பெனியில சிறப்பு மலர் போடுறாங்க. நீங்க முயல் காலத்தைப் பத்தி எழுதிக் குடுங்க. சிரிக்கிற மாதிரி எழுதுங்கக்கா, நீங்க பேசுற மாதிரியே.”

சிரிக்கிற மாதிரி எழுத விஷயம் இல்லாமல் இல்லை. கூண்டிலிருந்து தப்பிய முயல் ஒன்று கணக்குப் பிரிவுக்குள் போய் மேனேஜரின் செருப்பைக் கடித்து வைத்த கதையை நானே பல தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் மனம் அந்தப் பக்கம் போக மறுக்கிறது. அந்தக் கூடத்திலிருந்து நான் பார்த்துச் சரி என்று சொல்லி அனுப்பிய ஒரு கெட்ட சரக்கைப் பற்றிச் சொல்லாமல் வேறெதையும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. மலருக்கு இது ஆகாது என்றால் ஷாலினி மட்டும் படித்துவிட்டு வைத்துக்கொள்ளட்டும்.

நான் விலங்கியல் படித்தவள். கிருஷ்ணகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஓசூர் வந்தேன். கணவர் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் லேத் ஓட்டுகிறவர். மகள் சிந்து பால்வாடிக்குப் போக ஆரம்பித்ததும் பாகலூர் சாலையில் இருந்த இந்தச் சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பக்கம் ரோஜாப் பண்ணையின் பிளாஸ்டிக் கூடாரங்கள், மறுபக்கம் பம்ப் உதிரிபாகம் வார்க்கிற பட்டறை. நடுவில் நாங்கள் முயல் வளர்த்துக்கொண்டிருந்தோம்.

பக்கத்துப் பட்டறைக்காரர்கள் எங்களைக் கறிக்கடை என்றுதான் நினைத்தார்கள். நாங்கள் செய்தது ஆன்டிபாடி. முயலின் உடம்புக்குள் அதற்குப் பழக்கமில்லாத ஒரு புரதத்தைச் சிறிது ஊசியில் ஏற்றினால், அந்தப் புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும் ஒன்றை முயலின் ரத்தம் உண்டாக்கும். அதுதான் ஆன்டிபாடி. காது நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, விரல் நுனி அளவு குப்பியில் அடைத்து விற்போம். வாங்குகிறவர்கள் ஆராய்ச்சிக்காரர்கள். ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான புரதங்கள் கலந்து கிடக்கும்போது தங்களுக்கு வேண்டிய ஒன்று எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவர்களுக்கு வேறு கண் கிடையாது. எங்கள் குப்பிதான் கண்.

எங்களிடம் நன்றாக விற்ற ஒரு சரக்கு, இரண்டு வேலை செய்யும் ஒரு புரதத்தைப் பிடிப்பது. டி.என்.ஏ.யில் எழுதியிருப்பதை செல் படியெடுக்கும்போது முறுக்கைப் பிரித்துக் கொடுக்கிற கூட்டத்தில் அந்தப் புரதம் ஒன்று. வெயில் பட்டு அதே டி.என்.ஏ. பழுதானால் ரிப்பேருக்கு ஓடி வருவதும் அந்தக் கூட்டம்தான். அந்தக் கூட்டத்தில் கோளாறோடு பிறக்கும் சில குழந்தைகளுக்கு வெயிலே ஆகாது. இந்தப் புரதத்தின் எடை கிலோடால்டன் கணக்கில் அறுபத்திரண்டு. அதனால் எங்கள் கூடத்தில் அதற்குப் பெயரே அறுபத்திரண்டுதான். “அறுபத்திரண்டு பேக் பண்ணியாச்சா?” என்போம்.

எங்கள் தலைவர் நரசிம்மய்யா சார். எல்லைக்கு அந்தப் பக்கம், ஆனேக்கல்காரர். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் வரும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சோதனையின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, படத்தை மூக்குக்குப் பக்கத்தில் வைத்து நின்றபடியே பார்ப்பார். உட்கார்ந்துகொண்டு பார்த்தால் கண் சோம்பேறியாகிவிடும் என்பார். பிறகு எப்போதும் ஒரே கேள்விகள்தான். “யார் ஓட்டினது? எந்த முயல்? மிச்சம் எங்கே?” கோபம் வந்தால் எழுந்து போய்த் தன் காபி டம்ளரைத் தானே கழுவுவார். சார் டம்ளர் கழுவுகிறார் என்றால் யாருடைய வேலையோ தப்பாகியிருக்கிறது என்று முயல் கூடம் வரைக்கும் செய்தி போய்விடும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு படம் கொண்டுபோனேன். ஒரே ஒரு கருப்புக் கோடு, சுற்றிலும் பளிச்சென்று வெள்ளை. பெருமையாக நீட்டினேன்.

“தும்ப சென்னாகிதே மாலதி,” என்றார். ரொம்ப நன்றாக இருக்கிறதாம். “அதான் பயமா இருக்கு. இவ்வளவு சுத்தமா ஒரு முயல் பேசாது. மிச்சத்தை எங்கே மறைச்சீங்க?”

நான் எதையும் மறைத்திருக்கவில்லை. படமெடுக்கும் நேரத்தைக் குறைத்திருந்தேன், அவ்வளவுதான். நேரத்தைக் கூட்டி மறுபடி எடுக்கச் சொன்னார். மங்கலாக இன்னும் இரண்டு கோடுகள் வந்தன. “இப்ப நம்பறேன்,” என்றார். அந்த இரண்டு கோடுகளோடுதான் படம் வெளியே போனது.

மிச்சம் என்பது என்ன என்று சொல்ல வேண்டும். செல்லை உடைத்துக் கரைத்த திரவத்தை ஜெல்லின் மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பள்ளங்களில் ஊற்றி மின்சாரம் கொடுத்தால், புரதங்கள் எடைப்படி பிரிந்து நிற்கும். கனமானவை மேலே, லேசானவை கீழே. இதைத்தான் ஓட்டுவது என்போம். அப்படியே அவற்றை ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றுவோம். தாள் என்றாலும் காகிதம் இல்லை, உள்ளங்கை அகல மெல்லிய சவ்வு. ஓரத்தில் வண்ணக் கோடுகள் ஏணிப்படி மாதிரி நின்று எடையைச் சொல்லும். தாளைப் பால்பவுடர் கரைசலில் ஊறவைத்து, பிறகு ஆன்டிபாடியில் ஊறவைத்து, கழுவிக் கழுவி, கடைசியில் ஒளிரும் மருந்தை ஊற்றிப் படமெடுத்தால் ஆன்டிபாடி ஒட்டிய இடம் மட்டும் கோடாகத் தெரியும். அறுபத்திரண்டில் ஒரு கோடு வர வேண்டும். வேறு எடையிலும் கோடு வந்தால் அது வேறு எதையோ பிடிக்கிறது என்று அர்த்தம்.

ஆன்டிபாடி விலை கூடியது. முழுத் தாளும் நனைய நிறையத் தேவைப்படும். அதனால் ஊறவைப்பதற்கு முன்பே தாளை ஐம்பது என்கிற கோட்டில் குறுக்கே வெட்டிவிடுவோம். மேல் பாதியை நம் சரக்கில் போடுவது. கீழ் பாதியை, எல்லாப் பள்ளத்திலும் சம அளவு ஊற்றியிருக்கிறோமா என்று பார்க்க, எல்லா செல்லிலும் இருக்கும் வேறொரு புரதத்துக்கான ஆன்டிபாடியில் போடுவது. இதைச் செய்யாத கூடம் குறைவு. ஆனால் வெட்டிய பிறகு, கீழ் பாதியில் நம் சரக்கு எதைப் பிடித்திருக்கும் என்று யாருக்கும் தெரியப் போவதில்லை. அதனால் சார் ஒரு விதி வைத்திருந்தார். பழைய முயலின் ரத்தம் என்றால் வெட்டலாம், அதன் குணம் ஏற்கெனவே தெரியும். புது முயல் என்றால் முழுத் தாள். அதில் பேச்சே இல்லை.

இந்த விதியைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தது நான். சிந்துவுக்கும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

அவள் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தாள். சொந்தக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்கள். “இன்னும் வீட்லயா? அவ்ளோ படிச்சு?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் சாரிடம் கேட்டேன். அவர் தயங்கினார். தாயும் மகளும் ஒரே கூடத்தில் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. கடைசியில் பயிற்சி நிலையில் எடுத்துக்கொண்டார். வேலை பிடித்திருந்தால் நிரந்தரம் என்று பேச்சு.

அந்தச் சமயத்தில்தான் ராணி செத்தது. அறுபத்திரண்டுக்கு வெகுகாலம் ரத்தம் கொடுத்த முயல் அது. கூடத்துப் பெண்கள் வைத்த பெயர். வயதாகிவிட்டிருந்தது. அதே புரதத்தை வேறொரு முயலுக்கு ஏற்றியிருந்தோம், அதன் ரத்தம் தயாராக இருந்தது. சரக்கு கேட்டுப் பல இடத்திலிருந்து ஆள் காத்திருந்தார்கள். சார் வெளியூரில் இருந்தார். அந்தப் புது ரத்தத்தைச் சோதிக்கிற வேலையை சிந்துவிடம் கொடுத்தேன். அவள் தனியாகச் செய்யும் முதல் வேலை. இரண்டாவது ஆளாகப் பார்த்துச் சரி சொல்ல வேண்டியவள் நான்.

“அம்மா, புது முயல்தானே. முழுசாப் போடணுமில்ல?” என்று தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அதே புரதம்தானே ஏத்தினது. அதே மாதிரிதான் இருக்கும். வெட்டு. படம் சுத்தமா வந்தா சாருக்கும் உன்மேல ஒரு நல்ல எண்ணம் வரும்.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வெட்டினாள். மேல் பாதியில் அறுபத்திரண்டில் ஒரே கோடு. அழகாக இருந்தது. சார் வந்து கேட்டபோது எந்த முயல் என்பதற்கு உண்மையைச் சொன்னேன். மிச்சம் எங்கே என்று கேட்டபோது “பாத்துட்டேன் சார்” என்றேன். இத்தனை வருடம் கூட இருந்தவள் சொல்கிறாள் என்று அவர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

சில மாதம் கழித்துப் பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் பவித்ரா. அங்கே ஒரு ஆய்வு நிலையத்தில் பிஎச்.டி. செய்கிறாள். பஸ்ஸில் வந்திருந்தாள். பையில் ஐஸ் டப்பா, அதற்குள் அவளுடைய செல் கரைசல். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டிய படம். பேச்சைக் கேட்டதுமே நம் பக்கத்துப் பெண் என்று தெரிந்தது. கிருஷ்ணகிரி பக்கத்து மத்தூர் என்றாள்.

அவளுடைய வேலை இதுதான். செல்கள்மேல் வெயிலில் இருக்கும் கதிரைப் பாய்ச்சிவிட்டு, அறுபத்திரண்டு பழுதான இடங்களில் போய்க் கூடுகிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. எங்கள் பழைய சரக்கில், அதாவது ராணியின் ரத்தத்தில், புள்ளி புள்ளியாகக் கூடியது தெரிந்திருக்கிறது. புதுக் குப்பி வாங்கிய பிறகு செல் முழுக்க மஞ்சள் தடவினாற்போல ஒளிர்கிறது. புள்ளியே இல்லை. எத்தனை தடவை செய்தாலும் அப்படித்தான்.

“எங்க சார் நம்ப மாட்டேங்கறார் மேடம்,” என்றாள். “முதல்ல எப்படி வந்துச்சு, இப்ப ஏன் வரலங்கறார். மொத படத்தையே நான் ஏதோ பண்ணிட்டேன்னு நெனக்கிறார். வாயால சொல்லல. ஆனா லேப்ல எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க.”

உறையைப் பிரித்துத் தாளின் படத்தைக் காட்டினாள். முழுத் தாள். அறுபத்திரண்டில் மெலிந்த கோடு. ஐம்பதுக்குக் கீழே தடித்த கோடு ஒன்று, மை கொட்டியது போல.

பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. புது முயல் வேறொரு புரதத்தைப் பிடிக்கிறது. அறுபத்திரண்டைவிட அதைத்தான் அதிகம் பிடிக்கிறது. மைக்ராஸ்கோப்பில் அவள் பார்ப்பது அதை. நாங்கள் வெட்டிய இடத்துக்குக் கீழே அது இருந்திருக்கிறது.

அறையின் மூலையில் சிந்து குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நின்றிருந்தது. அந்த மாதக் கடைசியில் அவளுக்கு நிரந்தரம் வர வேண்டும்.

நான் பவித்ராவிடம், “கழுவறது சரியா கழுவறீங்களா?” என்று ஆரம்பித்தேன். பால்பவுடர் எந்த பிராண்ட், எவ்வளவு நேரம் ஊற வைக்கிறீர்கள், தண்ணீர் எங்கிருந்து என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். சரியாகச் சொல்லச் சொல்ல எனக்கு எரிச்சல் ஏறியது. “இருங்க, உங்க சாம்பிளையே இங்க ஓட்டிக் காட்டறேன்,” என்றேன்.

ஓட்டினேன். பக்கத்தில் நிற்க வைத்து ஒவ்வொரு படியையும் சொல்லிக்கொண்டே செய்தேன். ஷாலினியும் இன்னும் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்தார்கள். தாள் வந்ததும் கத்தியை எடுத்து ஐம்பதில் வைத்தேன்.

“மேடம், நான் வெட்ட மாட்டேன். முழுசாத்தான் போடுவேன்,” என்றாள்.

“அதைத்தான் சொல்றேன். முழுசாப் போட்டா கண்டதும் தெரியும்,” என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

பழக்கத்தில் வெட்டினேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். எங்கே வெட்ட வேண்டும், ஏன் வெட்ட வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துதான் வெட்டினேன்.

மேல் பாதியில் ஒரே கோடு வந்தது. “பாத்தீங்களா? உங்க சாம்பிள், எங்க ஆன்டிபாடி. சுத்தமா இருக்கு. கை பழகணும்மா. மெஷினையும் மருந்தையும் கொறை சொல்லிட்டு இருந்தா எப்படி?” என்றேன். அவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முகம் சிவந்து கண் கலங்கியது. கீழ் பாதியைப் பற்றிக் கேட்பாள் என்று பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. அத்தனை பேர் நடுவில் கேட்கிற நிலையில் அவளை நான் வைத்திருக்கவில்லை.

“தேங்க்ஸ் மேடம்,” என்று சொல்லிவிட்டு ஐஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் சிந்து என்னைக் கேட்காமல் முழுத் தாளாக ஓட்டினாள். படத்தை என் மேசையில் வைத்தாள். பவித்ரா கொண்டுவந்த படத்தில் இருந்த அதே கோடுகள்.

“இந்த மாசம் போகட்டும்,” என்றேன்.

“அவ அழுதுட்டுப் போனாம்மா.”

“கன்பர்மேஷன் வந்துடட்டும். அப்புறம் நானே சார்கிட்ட சொல்லிக்கிறேன். உன் பேர்தானே இருக்கு அதுல? மொத வேலையே தப்புன்னு ஆயிடும்டி.”

“என் பேரா?” என்றாள். படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனாள்.

நிரந்தரம் வந்தது. வீட்டில் கேசரி செய்தேன். அவள் தொடவில்லை. அவள் அப்பா, “ஏம்மா, சம்பளம் கம்மியா போட்டுட்டாங்களா?” என்று கேலி செய்தார். நான் சாரிடம் சொல்லவில்லை. நாளைக்கு என்று தள்ளிப்போட ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. கெட்ட சரக்கு போய்க்கொண்டே இருந்தது.

பிறகு ஒருநாள் பவித்ராவின் நிலையத்திலிருந்து பதில் ஒன்று வந்தது. மாற்றுக் குப்பி வேண்டுமா என்று எங்கள் விற்பனைப் பிரிவு வழக்கமாகக் கேட்பது உண்டு. வேண்டாம், அந்த மாணவி ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று எழுதியிருந்தார்கள். சிந்து அதைப் படித்துவிட்டு நேராக சார் அறைக்குப் போனாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என்னைக் கூப்பிட்டார்கள். சார் மேசைமேல் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று நான் ஓட்டிக் காட்டிய மேல் பாதி, இன்னொன்று சிந்து ஓட்டிய முழுத் தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். டம்ளர் பக்கத்தில் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

“யார் வெட்டினது?”

“நான் சார்.”

“சிந்து ஓட்டின முதல் தடவை?”

“அவ முழுசாப் போடணும்னு கேட்டா. நான்தான் வெட்டச் சொன்னேன்.”

“ஏன் மாலதி?”

நான் சிந்துவைப் பார்த்தேன். அவள் ஜன்னல் வழியாக முயல் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஒரு படத்தின் முன்னால் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“நான் ‘பாத்துட்டேன் சார்’ன்னு நீங்க சொன்னதை நம்பினேன். அது என் தப்பு. அதுக்கு நான் லெட்டர் போட்டுக்கிறேன்,” என்றார். வாங்கிய எல்லோருக்கும் அவர் பெயரிலேயே எழுதினார். சரக்கு முழுவதையும் திரும்பப் பெற்றார். அந்தக் கடிதத்தில் என் பெயர் இல்லை, சிந்து பெயரும் இல்லை. என்னிடம் ஒன்றுதான் சொன்னார். “கம்பெனி லெட்டர் அந்த இன்ஸ்டிடியூட்டுக்குப் போகும். அந்தப் பொண்ணுக்குப் போகாது. அவகிட்ட நீங்க போகணும். போன் அல்ல.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

விருப்ப ஓய்வுக்கு நானாகத்தான் எழுதிக் கொடுத்தேன். சார் தடுக்கவில்லை. சிந்துவைப் போகச் சொல்லவும் இல்லை. ஆனால் அவள் நிற்கவில்லை. இப்போது பெங்களூரில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கிறாள். தினமும் அத்திப்பள்ளி நெரிசலில் போய் வருகிறாள். வீட்டுக்கு வந்து எல்லாம் பேசுகிறாள், பஸ், கேண்டீன், கூட இருக்கும் பெண்ணின் கல்யாணம். வேலை மேசையில் நடப்பதை மட்டும் என்னிடம் சொல்வதில்லை. கேட்டால், “நல்லாப் போகுதும்மா” என்கிறாள். அவள் வரத் தாமதமானால் பஸ்ஸை நினைத்து மட்டும் பயப்படுகிறேன் என்று அவள் அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் கையில் ஒரு தப்பு வரும் நாளில் அவள் என்ன செய்வாள், நான் கற்றுக் கொடுத்ததையா என்பதுதான் என் பயம்.

பவித்ராவின் ஊரான மத்தூருக்கு என்கூட வரச்சொல்லி சிந்துவைக் கேட்டேன். “நான் வரல. நான் வந்தா நீ என்னையே பாத்துக்கிட்டுப் பேசுவ,” என்றாள்.

தனியாகத்தான் போனேன். கிருஷ்ணகிரியில் பஸ் மாறினேன். மாங்காய் சீசன். மாங்கூழ் கம்பெனிகளுக்குப் போகும் லாரிகள் வழியெல்லாம் நின்றன. மத்தூரில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். ஷீட் போட்ட வீடு, பக்கத்தில் ஒரு அறை மட்டும் புதிதாகச் சிமெண்டில் கட்டிப் பூசாமல் நின்றது. பவித்ராவின் அம்மா வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஓசூர் லேபிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது.

“நீங்கதானா அந்த மேடம்? பாப்பா சொல்லிச்சு. பக்கத்துல நிக்க வெச்சு அத்தனையும் செஞ்சு காமிச்சாங்கன்னு. அவங்களுக்குச் சுத்தமா வருது, எனக்குத்தான் கை வரலம்மான்னு சொல்லிச்சு. குந்துங்கம்மா, ஏன் நின்னுக்கினே இருக்கீங்க? யார் அந்த மாதிரி சொல்லிக் குடுப்பாங்க இந்தக் காலத்துல?”

உட்கார்ந்தேன். நாற்காலியைப் புடவைத் தலைப்பால் துடைத்துப் போட்டிருந்தார். மாம்பழம் நறுக்கிக்கொண்டு வந்து வைத்தார்.

“ரெண்டு வருசம் படிச்சதையும் வுட்டாச்சு. கூழ் கம்பெனியில நிக்கறேன் நானு, சீசனுக்கு. படிக்கட்டும்னு வுட்டோம். இப்ப டியூசன் எடுக்குது, ஊர்ப் பசங்களுக்கு. அவங்க அப்பா அதுகிட்ட பேசறதே இல்ல. படிப்பு ஏறலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாம்லன்னு ஒரே பேச்சு. நீங்க ஏதாவது வேலை கீலை பாத்துக் குடுக்கத்தான் வந்தீங்களா?”

அதற்குள் பவித்ரா வந்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கிற மாணவியைப் போல நேராக நின்றாள். நான் பையிலிருந்து சிந்து ஓட்டிய முழுத் தாளின் படத்தை எடுத்துக் கொடுத்தேன். நிறைய பேசலாம் என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இது எப்ப ஓட்டினது?”

“நீ வந்துட்டுப் போன மறுநாள்.”

அவள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. அந்த மறுநாளுக்கும் அவள் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வந்த நாளுக்கும் நடுவில் எவ்வளவு நாள் என்று.

“அன்னைக்கு வெட்டும்போது?”

“தெரியும்,” என்றேன்.

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்து, ஒரு எண்ணைப் போட்டு, சத்தமாகக் கேட்கிற மாதிரி வைத்து என் முன்னால் நீட்டினாள். “எங்க சார். அவர்கிட்ட சொல்லுங்க.”

பேராசிரியர் எடுத்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் சொன்னேன். சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. எங்கள் தொழிலில் இதற்கென்று வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன. அந்த லாட்டில் வேறுபாடு கண்டறியப்பட்டது, சோதனை முறையில் குறை இருந்தது, உங்கள் மாணவியின் முடிவுகள் சரியானவை, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். யார் செய்தது என்று எந்த வாக்கியத்திலும் வரவில்லை. கம்பெனிக் கடிதம் தனக்கு வந்தது என்றும், பவித்ராவுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்ததாகவும் அவர் சொன்னார். அவள் வந்து தன்னைப் பார்க்கட்டும், இடம் இன்னும் இருக்கிறது என்றார். நன்றி சொல்லிப் போனை வைத்தேன். ஒரு வேலை முடிந்ததுபோல மூச்சுகூட விட்டேன்.

பவித்ராவின் அம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னாம்மா பேசுனீங்க? இங்கிலீசுல எனக்கு ஒண்ணும் வௌங்கல. பாப்பா பேர் வந்துச்சு. எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

நான் பவித்ராவைப் பார்த்தேன். அவள் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்க பொண்ணு செஞ்சதெல்லாம் சரிங்க,” என்றேன். “நாங்க குடுத்த மருந்துதான் கெட்டது. அத எம்பொண்ணு சோதிச்சா, நான் சரின்னு சொன்னேன். எம்பொண்ணு வேலை போயிடும்னு உங்க பொண்ணு மேல பழியப் போட்டுட்டேன்.”

“தெரியாம நடந்துச்சா?”

“தெரிஞ்சேதாங்க.”

தட்டில் இருந்த மாம்பழத்தின்மேல் ஈ உட்கார்ந்தது. அந்த அம்மா அதைக் கையால் ஓட்டினார். பிறகு நாற்காலியில் இருந்த என்னை விட்டுவிட்டு, மகள் பக்கம் முழுவதுமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

“அப்பா வரட்டும். இவங்க சொன்னத நானே சொல்றேன்,” என்றார். “நீ போயி துணிய எடுத்து வையி. காலையில பெங்களூருக்கு நானும் வரேன். அந்த வாத்தியார் மூஞ்சிய நான் பாக்கணும்.”

பவித்ரா உள்ளே போனாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போய்வருகிறேன் என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் அசைத்தார்.